கிராம்பு வலியை நிறுத்தும், சொத்தையை நிறுத்தாது

பல்வலி என்று சொன்னால் போதும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொல்வார்கள். கிராம்பைக் கடித்துக்கொள், கொய்யா இலையை மெல்லு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி, கண்டங்கத்திரி விதையில் புகை பிடி. பக்கத்து வீட்டு அக்கா வந்தால் இன்னும் இரண்டு கூடும். இவற்றில் பலவற்றில் உண்மை இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில், ஆச்சி இடித்துக் கொடுத்த பொடியில் பல் தேய்த்து வளர்ந்தவன் நான். இப்போதும் என் வீட்டில் பேஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொடி டப்பா இருக்கும். இந்த மருந்துகளைப் பழிக்க இதை எழுதவில்லை. எந்த மருந்து எதைச் செய்கிறது, அதன் வேலை எங்கே முடிகிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அது தெரியாமல் பல்லைப் பறிகொடுத்தவர்கள் என் குடும்பத்திலேயே நிறையப் பேர்.

கிராம்பிலிருந்து தொடங்குகிறேன், வலிக்கு மிக நேரடியாக வேலை செய்வது அதுதான். கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. முற்றிச் சிவக்கத் தொடங்கும்போது பறித்து வெயிலில் காயவைக்கிறார்கள். பூர்வீகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். நமக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து மலைத்தோட்டங்களில் நன்றாக விளைகிறது. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மொட்டின் எண்ணெயில் பொதுவாக 70 முதல் 90 சதவீதம் வரை யூஜெனால் என்ற பொருள்தான். நரம்பு வழியாக வலி ஓடுவதை அது கொஞ்ச நேரத்துக்குத் தடுக்கிறது, கிருமிகளையும் ஓரளவு அடக்குகிறது. பல் மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வருமே, அது இந்த யூஜெனால்தான். துத்தநாக ஆக்சைடுப் பொடியையும் யூஜெனாலையும் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. இன்றும் அது போகவில்லை. அதாவது ஆச்சியின் அஞ்சறைப் பெட்டியிலும் டாக்டரின் மேசையிலும் இருப்பது ஒரே மருந்து.

வைக்கிற முறை முக்கியம். ஒரு கிராம்பை வாயில் கொஞ்சம் ஊறவிட்டு, மெதுவாக நசுக்கி, வலிக்கிற பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் சில நிமிடங்களில் அந்த இடம் மரத்துப்போகும். கடையில் விற்கிற கிராம்பு எண்ணெய் அப்படியல்ல, வீரியம் பல மடங்கு. பஞ்சில் ஒரே சொட்டு எடுத்துச் சொத்தைக் குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஈறிலோ கன்னத்திலோ நேராகப் பூசினால் தோல் வெந்து வெள்ளையாக உரிந்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தக் குப்பியை எட்டாத உயரத்தில் வையுங்கள். சில மில்லி குடித்ததற்கே குழந்தைகளுக்கு ஈரல் கெட்டுப்போனதாக மருத்துவப் பதிவுகள் உண்டு.

சரி, வலி நின்றுவிட்டது. அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

என் தாய்மாமாவுக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லில் சொத்தை. இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் நடந்துகொண்டிருப்பார். கிராம்பு வைத்தார், புகை பிடித்தார், சில நாள் கழித்து வலி சுத்தமாகப் போய்விட்டது. மருத்துவரிடம் போகலாம் என்று கூப்பிட்டபோது, "வலி விட்டுட்டுல்லா மருமவனே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். வீட்டில் எல்லாருக்கும் அது சரியான பேச்சாகவே பட்டது. அடுத்த சித்திரைக்குள் தாடைக்குக் கீழே கல் மாதிரி வீங்கிவிட்டது. வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுகிப்போனது, எச்சில் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்தார். இன்னும் தாமதித்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று அங்கே இருந்த டாக்டர் எங்களிடம் நேராகவே சொன்னார்.

நடந்தது இதுதான். பல்லுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மெல்லிய கூழ் இருக்கிறது. சொத்தை அதைத் தொடும்வரை கூச்சம்தான் இருக்கும், தொட்ட பிறகுதான் உயிர் போகிற வலி. அந்தக் கூழ் அழுகிச் செத்துவிட்டால், வலியை உணர நரம்பே இல்லை. வலி தானாக நிற்கும். அந்த நேரத்தில் வாயில் என்ன மருந்து இருந்ததோ அதற்குப் பேர் கிடைக்கும். உள்ளே கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கும். கீழ்க்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் நாக்குக்கு அடியில் உள்ள தசைக்குக் கீழே போய் முடிவதால், சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கிவிடும். இந்த வீக்கத்தை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். அவர் பேரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்பு இது பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோன நோய்.

மாமா பிடித்த புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் சந்தைகளில் இது நடக்கிறது. கண்டங்கத்திரி தரையோடு படர்கிற முள்செடி. ஊதாப் பூ, காயில் பச்சையும் வெள்ளையும் வரியோடும், பழுத்தால் மஞ்சள். காய்ந்த பழத்தின் விதையை எண்ணெயிலோ நெய்யிலோ பிசறி, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் போட்டு, மேலே துளையுள்ள சிரட்டையைக் கவிழ்ப்பார்கள். துளையில் பப்பாளித் தண்டைச் செருகி அதன் வழியாகப் புகையைப் பல்லில் பிடிக்க வேண்டும். எச்சில் ஆறாக ஊற்றும். அடியில் வைத்திருக்கிற தண்ணீர்ச் சட்டியில் வெள்ளையாகச் சிறிய நூல்கள் மிதக்கும். "பாத்தியா, புழு விழுந்துட்டு!"

பல்லில் புழு என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதில்லை. பாபிலோனியக் களிமண் பலகையிலேயே பல்லில் குடியேறக் கேட்ட புழுவின் கதை இருக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதே புகைச் சிகிச்சையைக் குரோசாணி ஓமத்தின் விதையால் செய்தார்கள். அதுவும் கத்திரிக் குடும்பம்தான். இந்தக் குடும்பத்து விதைகளுக்குள் முளைக்கரு வளைந்து சுருண்டு கிடக்கும். சூட்டில் விதை வெடித்ததும் அது வெளியே வந்து விழும். பார்த்தால் அச்சு அசலாகப் புழு. பிரான்ஸில் பியேர் ஃபோஷார் 1728-இல் எழுதிய பல் மருத்துவ நூலிலேயே, பல்லில் புழு எதையும் தான் காணவில்லை என்று சொல்லிவிட்டார். சொத்தைக்கு உண்மையான காரணத்தை 1890-இல் வில்லபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதினார். வாயில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. கார அமில அளவு (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும் என்பது பின்னால் வந்த கணக்கு.

புகையின் சூட்டிலும் காரத்திலும் வலி கொஞ்சம் அடங்கும் என்பதை நம்புகிறேன், எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டியில் மிதப்பது புழு என்று காட்டுவது பொய். அந்தப் பொய்தான் மாமாவைத் திருப்தியோடு வீட்டுக்கு அனுப்பியது.

எனாமலில் உயிருள்ள செல் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். பல்லில் குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடாது. எந்த இலையும் பட்டையும் எண்ணெயும் அதை நிரப்பாது. மேல்பரப்பில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிற ஆரம்ப நிலையை மட்டும் எச்சிலில் உள்ள கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்து மீட்டெடுக்கும். ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டைப் பல் மருத்துவர்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். வீட்டில் இடிக்கிற பொடியில் அது கிடையாது. நான் இரவு படுக்கும் முன் பேஸ்ட், காலையில் பொடி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொடி எதற்கு என்று கேட்டால், ஈறுக்கு. மூலிகைகள் உண்மையாகவே கை கொடுக்கிற இடம் அதுதான்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று ஏன் சொன்னார்கள் என்பது மரப்பட்டையை வாயில் போட்டு மென்றால் உடனே தெரிந்துவிடும். வாய் முழுக்க ஒரு துவர்ப்பு இழுக்கும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். ஆலம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய், மாசிக்காய், மாதுளம் தோல், கொய்யா இலை எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். அது மேல்தோலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து இறுகச் செய்கிறது. வீங்கி, தொட்டால் ரத்தம் கசிகிற ஈறு சுருங்கி நிற்கும், ரத்தம் குறையும். "வேலுக்குப் பல் இறுகும், வேம்புக்குப் பல் துலங்கும்" என்று நாட்டு வைத்தியத்தில் பாட்டாகவே சொல்வார்கள். ஒன்று ஈறை இறுக்கும், இன்னொன்று அழுக்கை எடுக்கும். நன்றாகக் கவனித்துத்தான் பிரித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேல் என்பது கருவேல். மஞ்சள் உருண்டைப் பூவும், விதைக்கு விதை இடுங்கி மணிமாலை மாதிரித் தொங்குகிற சாம்பல் நிறக் காயும் உள்ள மரம். ஊரெல்லாம் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேல் வேறு. அதன் பூ உருண்டையாக இருக்காது, நீளமான கதிராகத் தொங்கும். குச்சி ஒடிக்கப் போகிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டு ஒடியுங்கள்.

ஆச்சி பொடி இடிப்பதைப் பார்ப்பதே தனி. நாட்டு மருந்துக் கடையில், "அண்ணாச்சி, கருவேலம்பட்டை பழசா இருந்தா வேண்டாம், உள்ளே செவப்பா இருக்கணும்" என்று ஒவ்வொரு துண்டையும் ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். கடுக்காயை உடைத்துக் கொட்டையை வீசிவிட்டுத் தோலை மட்டும் எடுப்பார், "கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்று சொல்லிக்கொண்டே. படிகாரத்தை இரும்புச் சட்டியில் போட்டால் முதலில் உருகும், அப்புறம் நுரைத்துப் பொங்கி வெள்ளைப் பொரியாக நிற்கும். அதிலிருந்து ஒரு சிட்டிகைதான் சேர்ப்பார். இந்துப்பு, கொஞ்சம் கிராம்பு, ஓமம். இடித்தது முடிந்ததும் சல்லடையில் சலிக்க மாட்டார். தாத்தாவின் பழைய வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் இறுகக் கட்டி, பொடியை மேலே போட்டு விரலால் தேய்த்துத் தேய்த்து இறக்குவார். வஸ்திரகாயம் என்று சித்த மருத்துவத்தில் சொல்வது இதைத்தான். இறங்கிய பொடியில் ஒரு துளியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துத் தேய்ப்பார். நறநற என்றால் திரும்பவும் உரலுக்குப் போகும்.

அந்த நறநறப்பைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டது சரி என்று பின்னால் புரிந்தது. பல்லை வெளுக்க வேண்டும் என்று செங்கல்பொடி, அடுப்புக்கரி, சாம்பல், மணல் என்று போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்த்ததும் வெள்ளையாகத் தெரியும், ஏனென்றால் கறையோடு எனாமலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. எனாமல் தேய்ந்தால் உள்ளே இருக்கிற மஞ்சள் நிற அடுக்கு தெரியத் தொடங்கும், பல் முன்னைவிட மங்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். சில சிவப்புப் பல்பொடிகளில் நிறத்துக்குக் காவிக்கல் சேர்க்கிறார்கள், அதுவும் தேய்க்கிற சரக்குத்தான். பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்துவிட்டது. அப்படியும் பேர் ஊர் இல்லாத பொட்டலங்களை வாங்குகிறவர்கள் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பது நல்லது.

கரியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்க்கிறவர்களில் என் மனசை மிகவும் வருத்துகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைப் பல் உருவாகிற வயதில் குடித்தால், கறை பல்லின் உள்ளுக்குள்ளேயே பதிந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததே பெருமளவு இதற்காகத்தான். அந்தக் கறை அழுக்கு இல்லை. எந்தப் பொடியாலும் போகாது. பல் தேய்க்கத் தெரியாதவர்கள் என்று அந்தப் பிள்ளைகளை மற்றவர்கள் கேலி செய்யும்போது, தேய்த்துத் தேய்த்து இருக்கிற எனாமலையும் இழக்கிறார்கள்.

குச்சிக்கு வருகிறேன். வேப்பங்குச்சியைப் பச்சையாக ஒடிக்க வேண்டும். சுண்டுவிரலைவிட மெல்லியதாக, ஒரு சாண் நீளம். நுனியை உடனே பல்லில் வைத்து இழுக்கக்கூடாது. கடைவாயில் போட்டு மென்று, நார் நாராகப் பிரிந்து மெத்தென்று ஆன பிறகுதான் தேய்க்க வேண்டும். ஈறிலிருந்து பல்லின் நுனியைப் பார்த்து, ஒவ்வொரு பல்லாக. குறுக்கே ரம்பம் போல இழுத்தால் ஈறு கிழியும், பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். முடிந்ததும் குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்துவிட்டு எறிந்துவிடலாம். வேம்பின் சாறு பல்லில் படிகிற கிருமிப் படலத்தைக் குறைக்கிறது என்று பல சிறு ஆய்வுகள் வந்திருக்கின்றன. பல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்போடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். குளோர்ஹெக்சிடினை நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும் என்பதால் இந்தத் தேடல் நியாயமானதே.

அரபு நாடுகளில் மிஸ்வாக் என்று சொல்கிற குச்சி நம் மண்ணிலும் இருக்கிற மரத்திலிருந்து வருவது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வருகிற உகாய்தான் அது. கோடியக்கரைக் காட்டில் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் சகல நோயும் தீரும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஈறுக்கு நல்லது என்றால் ஒத்துக்கொள்கிறேன். 2009-இல் வெளியான ஒரு ஆய்வில் ஈறு வீக்கம் உள்ள 20 பையன்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நல்லெண்ணெயும் மற்றதற்குக் குளோர்ஹெக்சிடினும் கொடுத்து 10 நாள் கொப்பளிக்க வைத்தார்கள். இரண்டு பிரிவிலுமே படலமும் வீக்கமும் குறைந்தன. 20 பேர், 10 நாள் என்பதை மறந்துவிடாமல் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயைத் துப்பிவிடுங்கள், விழுங்கவோ மூச்சுக்குழாயில் ஏற்றிக்கொள்ளவோ கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

ஈறிலும் மூலிகைக்கு ஒரு எல்லை உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே படலம் நாளாக ஆகக் கல்லாகிக் காரை கட்டிவிடும். அதன் மேல் எவ்வளவு துவர்ப்பு பூசினாலும் ஈறு மேலே இறுகி நிற்குமே தவிர, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். காரையைக் கருவியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று பயந்து பலர் போவதில்லை. பல்லை ஆட்டுவது அந்தக் காரைதான். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. சுத்தம் செய்து முடித்த பிறகு பொடியும் குச்சியும் போடுங்கள், அப்போதுதான் அவை உண்மையில் பயன்படும்.

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. பாக்கும் மரத்தில் காய்ப்பதுதான். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது. வாய்க்குள் நார் கட்டி, கன்னம் பலகை போல் விறைத்து, வாயே திறக்க முடியாமல் போகிற நோய்க்கும் பாக்குதான் காரணம். எங்கள் ஊரில் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைத் தட்டை நகர்த்துவது மரியாதை. நான் வெற்றிலையையும் ஏலக்காயையும் எடுத்துக்கொண்டு பாக்கை ஒதுக்கிவிடுகிறேன். பெரியவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுப்பது எனக்கும் பிடித்த வைத்தியம்தான். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவானாலும் கீரையோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பாக்கோ புகையிலையோ போடுகிறவர் என்றால் இன்னும் சீக்கிரம்.

தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவும் சித்த மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பல்வலி என்று சித்தா பக்கம் வருகிறவரின் வாயை டார்ச் அடித்துப் பார்த்து, குழி இருந்தால் அன்றைக்கே பல் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்பலாம். பல் பிரிவில் காரை எடுத்து முடித்தவரிடம், ஈறுக்குச் சித்தாவில் பொடி வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பணம் வேண்டாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது இதைக் கேளுங்கள். மாமாவை மாதிரி ஒருவர், வலி விட்டது என்று உங்கள் வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் அவரை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்.